மூக்கைப் பொத்திக்கொண்டு ஜெர்மன் மால்ட் ரசிப்பது எப்படி?

ஜெர்மன் சிங்கிள் மால்ட் விஸ்கி ஒன்று உங்கள் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வாழ்த்துகள். அதை எப்படி ரசிப்பது என்று தயங்க வேண்டாம். நாக்கு ஓரளவுக்குப் போதும், மூக்கு அறவே வேண்டாம். கீழே சொல்கிறபடி செய்யுங்கள். இதில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்கெனவே செய்துவருவதுதான்; நான் வரிசைப்படுத்தித் தருகிறேன், அவ்வளவே. கேரளச் சட்டப்படி 23 வயது நிரம்பாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் குலுக்கி சர்பத் குடிக்கப் போகலாம்.

1. ஜன்னலைச் சாத்துங்கள்

கொச்சி மட்டாஞ்சேரிப் பக்கம் கொச்சங்காடியில் குடியிருப்பவருக்கு ஒரு பெரிய இடைஞ்சல் உண்டு: காற்று. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுப் பண்டகசாலைகளிலிருந்தும் ஜூ டவுன் கடைகளிலிருந்தும் சுக்கு, மிளகு, கிராம்பு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி எல்லாம் கேட்காமலேயே வீட்டுக்குள் வரும். மழை விட்டு வெயில் அடிக்கிற நாளில் யாராவது முற்றத்தில் சுக்கைப் பரப்பினால் தெருக்கோடி வரை காரம். 1341-இல் பெரியாற்றில் வெள்ளம் வந்து முசிறித் துறைமுகம் தூர்ந்துபோன பிறகு வியாபாரம் கொச்சிக்குக் குடிபெயர்ந்தது என்பார்கள். கொச்சங்காடியில் யூதர்கள் கட்டிய பழைய ஜெபக்கூடத்தின் கல்வெட்டு 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கூடம் இன்று இல்லை, கல் மட்டும் ஜூ டவுன் பரதேசி ஜெபக்கூட வளாகத்தில் இருக்கிறது. யூதர்களும் அரபிகளும் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் மோப்பம் பிடித்து வந்தது இந்தக் காற்றைத்தான்.

உங்களுக்கு அது வேண்டாம். ஏசியை 18-இல் வையுங்கள். லாவெண்டர் ரூம் ஃப்ரெஷ்னரை நாலு மூலையிலும் அடியுங்கள். இரண்டு ஊதுபத்தி கொளுத்தி வையுங்கள். வளைகுடாவிலிருந்து வந்த அத்தர் இருந்தால் காதோரம் தாராளமாகத் தடவுங்கள். இனி எந்த வாசனையும் உங்களைத் தொந்தரவு செய்யாது.

2. பாட்டில் வந்த வழியைப் பெரிதாகச் சொல்லுங்கள்

கடையில் வாங்கினேன் என்று சொல்லிவிடாதீர்கள். ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மைத்துனி கொண்டுவந்தாள் என்று சொல்வதே முறை. கேரளத்தில் இது பொய்யாகவும் இருக்காது. 1960-களிலேயே இங்கிருந்து பெண்கள் ஜெர்மன் ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். 2021 டிசம்பரில் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனமும் ஜெர்மன் வேலைவாய்ப்புத் துறையும் ஒப்பந்தம் போட்டு, ‘டிரிபிள் வின்’ என்று பெயர் வைத்து, அரசாங்கமே முன்னின்று அனுப்பத் தொடங்கியது. அந்தப் பெண் அங்கே குளிரில் நைட் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த காசு இது என்பதை மறந்துவிடுங்கள். “ஒரு பாட்டில்தானா? மூணு கொண்டுவந்திருக்கலாமே” என்று கேளுங்கள்.

கணக்குத் தெரிந்தவர் கேட்க மாட்டார். வரியில்லாமல் ஒருவர் கொண்டுவரக்கூடியது இரண்டு லிட்டர். ஜெர்மன் பாட்டில் 700 மில்லி. மூன்று பாட்டில் என்றால் 2100. அந்த நூறு மில்லிக்காக நெடும்பாசேரி விமான நிலையத்தில் அவள் கஸ்டம்ஸ்காரரிடம் பதில் சொல்லிக்கொண்டு நிற்கட்டும். நீங்கள் வெளியே காரில் ஏசி போட்டு உட்காருங்கள்.

3. லேபிளைக் குடியுங்கள்

பாட்டிலைத் திறக்கும் முன் அரை மணி நேரம் லேபிளுக்கு ஒதுக்குங்கள். ரசனையின் முக்கால் பங்கு இங்கேயே முடிந்துவிடும்.

ஸ்லியர்ஸ் என்று போட்டிருந்தால் உங்களுக்கு யோகம். பவேரியாவில் ஷ்லீயர்ஸே ஏரிக்கரையில் 1999-இல் தொடங்கிய டிஸ்டில்லரி. கி.பி. 779-இல் அந்தப் பக்கம் இருந்த மடத்தின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டது. விருந்தாளியிடம் 1999-ஐச் சொல்லாதீர்கள், 779-ஐ மட்டும் சொல்லுங்கள். ‘ஆயிரத்து இருநூறு வருஷத்துச் சரக்கு’ என்று அவராகவே நினைத்துக்கொள்வார். ஐரோப்பிய விதிப்படி மரப்பீப்பாயில் மூன்று வருஷம் கிடந்தாலே அது விஸ்கி என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

ப்ளாவே மவுஸ் என்றால் நீல எலி. ஃபிராங்கோனியாவில் எக்கோல்ஸ்ஹைம் என்ற ஊரில் 1983-இலேயே மால்ட் விஸ்கி காய்ச்சத் தொடங்கிய டிஸ்டில்லரி, ஜெர்மானிய மால்ட்டுக்கு முன்னோடி. ஆனாலும் எலிப்படம் போட்ட பாட்டிலுக்கு மட்டாஞ்சேரியில் மரியாதை கிடைக்காது. வேறு வாங்கிவரச் சொல்லுங்கள்.

விலையை யூரோவிலேயே சொல்லுங்கள். விருந்தாளி ரூபாயாக மாற்றி முடித்ததும், இறக்குமதி மதுவுக்கு நம் நாட்டில் காலங்காலமாக 150 சதவீதம் தீர்வை இருந்த கதையை எடுத்து விடுங்கள். அவர் இரண்டாம் முறை கணக்குப் போடுவார். இதற்குள் பாட்டில் இன்னும் திறக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ரசனை நன்றாகவே போய்க்கொண்டிருக்கிறது.

4. கிளாஸ்

வாய் குறுகி அடி பருத்த டூலிப் கிளாஸ் என்று ஒன்று உண்டு. ஆவி சிதறாமல் மூக்குக்கு ஏறுவதற்காகச் செய்தது. தவிர்க்கவும். கல்யாணத்துக்கு வந்த கனத்த கண்ணாடி டம்ளர் செட் ஷோகேஸில் இருக்குமே, அதை எடுங்கள். வாய் அகலமாக இருந்தால்தான் வாசனை சீக்கிரம் ஓடிப்போகும். பாத்திரம் துலக்கும் எலுமிச்சை சோப்பில் கழுவி, நேற்று பிரியாணித் தேக்சா துடைத்த துணியாலேயே துடையுங்கள்.

5. நிறத்தைப் பாருங்கள்

டம்ளரை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, “நிறத்தைப் பார்த்தாலே தெரியுது, பழைய சரக்கு” என்று சொல்லுங்கள். நிறத்தில் வயது தெரியாது. விஸ்கிக்குக் கேரமல் சாயம் போடச் சட்டமே இடம் கொடுக்கிறது. சாயம் போட்டால் ஜெர்மனியில் லேபிளில் அதைச் சொல்லியாக வேண்டும். பொடி எழுத்தில் பின்பக்கம் சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு ஜெர்மன் வராது. ஆகவே கவலையில்லை.

6. மூக்கு

இப்போது கடினமான கட்டம். மூக்கைப் பயன்படுத்துவது போல் காட்ட வேண்டும், பயன்படுத்திவிடக் கூடாது.

தெரிந்தவர்கள் டம்ளரை மூக்குக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்து, வாயை லேசாகத் திறந்துவைத்து, மெதுவாக முகர்வார்கள். நீங்கள் மூக்கை டம்ளருக்குள் முழுசாக விட்டு, ஜலதோஷக்காரர் விக்ஸ் டப்பாவை இழுப்பதைப் போல ஒரே மூச்சில் இழுங்கள். ஆல்கஹால் ஏறிக் கண்ணில் தண்ணீர் வரும். அந்தக் கண்ணீரோடு நிமிர்ந்து பார்த்தால் எதிரில் இருப்பவர் உங்களை மகா ரசிகர் என்று நம்புவார். அடுத்த பத்து நிமிஷத்துக்கு எந்த வாசனையும் தெரியாது என்பது கூடுதல் லாபம்.

பிறகு குறிப்பு சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் எழுதிவைத்ததை முந்தின நாளே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வெனிலா, தேன், ஓக் மரம், கிறிஸ்துமஸ் கேக், லெப்கூஹன். கடைசிச் சொல்லை அழுத்திச் சொல்லுங்கள். அது நியூரம்பர்க் நகரத்தின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் ரொட்டி. அதில் என்ன போடுவார்கள் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுங்கள். ஏனென்றால் போடுவது பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய், இஞ்சி. நீங்கள் ஒன்றாம் விதிப்படி ஜன்னலுக்கு வெளியே நிறுத்திவைத்த அதே கூட்டம்.

வரலாறு தெரிந்த விருந்தாளி என்றால் இன்னும் ஆபத்து. 1505-இல் அல்மெய்டாவின் போர்ச்சுகீசியக் கப்பற்படையோடு ஆக்ஸ்பர்க் நகரத்து வெல்சர் குடும்பம் பணம் போட்ட கப்பல்களும் வந்தன. அவர்களுடைய ஆளாக பல்தசார் ஸ்ப்ரிங்கர் என்பவர் கண்ணனூர், கொச்சி எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பிப்போய், 1509-இல் பயணக்கதையை அச்சிலும் கொண்டுவந்தார். வந்த காரியம் மிளகு. இன்று பவேரியாவில் இருக்கும் ஆக்ஸ்பர்க்கின் ஆட்கள் ஐந்நூறு வருஷத்துக்கு முன் இந்தக் கரையில் மூட்டை கட்டிக் கொண்டுபோன வாசனையை, இன்று அதே பவேரியாவிலிருந்து 700 மில்லி பாட்டிலில் விலைக்கு வாங்கி, அன்னிய வாசனை என்று நாம் சிலாகிக்கிறோம். இந்தப் பேச்சு கிளம்பினால் உடனே ஐஸ் எடுக்க உள்ளே போய்விடுங்கள்.

கிறிஸ்துமஸ் கேக் விஷயத்திலும் எச்சரிக்கை. தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு 1883-இலேயே அதைச் சுட்டுவிட்டார் என்று எந்த மலையாளியும் சொல்வார்.

7. இக்காவைக் கூப்பிடாதீர்கள்

இது தனி விதியாகவே இருக்கட்டும். உங்கள் தெருவில் மலைச்சரக்கு வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர், ஊரே ‘இக்கா’ என்று அழைப்பவர், கட்டாயம் இருப்பார். மதுவை வாழ்நாளில் தொட்டதில்லை, தொடப்போவதுமில்லை. அவர் மிளகு வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சாக்குக்குள் கையை முழங்கை வரை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். மேலாக இருப்பதை நம்ப மாட்டார். உள்ளங்கையில் தேய்த்து ஊதுவார். தொலி பறக்கும். முகர்வார். ஒன்றை முன்பல்லில் வைத்துக் கடிப்பார். லிட்டர் அளவையில் 550 கிராம் நிற்குமா நிற்காதா என்று தராசு வருமுன்னே சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஏதோ காரியமாக உங்கள் வீட்டுப் படியேறுகிறார் என்று வையுங்கள். மேஜை மேல் காலி டம்ளர். “இதென்ன மருந்தா?” என்று எட்ட நின்றே ஒரு தடவை முகர்ந்துவிட்டு, “கிராம்பு இருக்கு. ஆனா புதுக் கிராம்பு இல்ல, மரப்பெட்டியில ரொம்ப நாள் கிடந்த கிராம்பு. கொஞ்சம் கொப்பரையும் இருக்கே, மோனே?” என்பார்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. ஓக் மரத்தில் யூஜெனால் இருக்கிறது. கிராம்பெண்ணெயின் உயிரே அதுதான். அமெரிக்க ஓக்கில் தேங்காய் மணம் தரும் லாக்டோன் ஒன்று உண்டு. அதற்கு விஸ்கி லாக்டோன் என்றே பெயர். ஸ்லியர்ஸ் கிடப்பது புது அமெரிக்க ஓக் பீப்பாயில். வெனிலா மணமும் மரத்திலிருந்து இறங்குவதுதான். ஒரு துளி நாக்கில் படாமல் இவ்வளவும் சொன்ன மனிதரை நீங்கள் என்ன செய்ய வேண்டும்? சிரியுங்கள். “இக்கா, இது விஸ்கி. இதுல கொப்பரை எல்லாம் வராது” என்று அடித்துச் சொல்லுங்கள். லெப்கூஹன் என்று இரண்டு முறை சொல்லுங்கள். அவர் சலாம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கதவைத் தாழிட்டுவிட்டு வாருங்கள்.

8. தண்ணீர், சோடா, ஐஸ், இன்ன பிற

2017-இல் ஸ்வீடனில் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு பேர் கணினியில் கணக்குப் போட்டு, விஸ்கியில் தண்ணீர் சேர்த்தால் குவாயக்கால் என்கிற மணப்பொருள் திரவத்தின் மேற்பரப்புக்கு நகரும் என்று காட்டினார்கள். அதாவது சில துளித் தண்ணீர் மணத்தைக் கூட்டும். எனவே சில துளி தண்ணீர் சேர்க்கவே கூடாது. மொத்தமாக ஊற்றுங்கள்.

முதலில் டம்ளர் நிறைய ஐஸ். குளிரில் மணம் அடங்கும், நாக்கு மரத்துப்போகும். மீன் வைத்திருந்த ஃப்ரீசர் ஐஸ் என்றால் கரிமீன் மணமும் ஒட்டியிருக்கும். அதன் மேல் ஒரு லார்ஜ். அதன் மேல் விளிம்பு வரை சோடா. இன்னும் கசப்பாக இருக்கிறதா? கோலா ஊற்றுங்கள். கரிய திரவம் தயாரானதும் அதைப் பார்த்து, “ஜெர்மன் சரக்கோட ஸ்மூத்னஸே தனி” என்று சொல்லுங்கள்.

9. குடிப்பது

கொச்சியில் 1947 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. அங்கே தேயிலைக்கு விலை வைப்பவர்கள் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, கரண்டியில் எடுத்துச் ‘சுர்’ரென்று காற்றோடு உறிஞ்சி, வாய் முழுக்கப் பரப்பி, துப்பிவிட்டு, அடுத்த கோப்பைக்கு நகர்வார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதே அந்த நாக்குக்குத்தான். உங்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. துப்பவும் வேண்டாம், பரப்பவும் வேண்டாம். மூச்சைப் பிடித்து, ஒரே மடக்கு. முகத்தைக் கோணி “ஹா” என்று விட்டுவிட்டு, உடனே ஊறுகாயை நக்குங்கள்.

தொட்டுக்கொள்ள என்ன என்பது முக்கியம். பூண்டு மிக்ஸர், மிளகு தூக்கலாகப் போட்ட பீஃப் ஃப்ரை, காந்தாரி மிளகாய்ச் சட்னி, நேந்திரங்காய் சிப்ஸ். காந்தாரி போதும். அதற்குப் பிறகு நாக்கில் ஜெர்மனியே வந்து இறங்கினாலும் தெரியாது.

10. இந்திய மால்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இழிவாகச் சொல்லுங்கள்

சபையில் யாராவது அம்ருத் நல்லாயிருக்கும் என்று ஆரம்பிப்பார். “அண்ணே, அதெல்லாம் மொலாசஸ்” என்று வெட்டிவிடுங்கள். இந்த வெட்டுக்குப் பலம் உண்டு. இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதியின் அடிச்சரக்கு கரும்புக் கழிவுப்பாகில் வடித்த ஆல்கஹால்தான், ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்க முடியாது. ஆனால் பெங்களூரு அம்ருத் சிங்கிள் மால்ட் பார்லியில் காய்ச்சியது. 2004-இல் அதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் முதலில் விற்றார்கள். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு இரண்டு சதவீதம் போல ஆவியாகும். பெங்களூரு வெயிலில் பத்துக்கு மேல் போகும். மரமும் சாராயமும் அங்கே அவசர அவசரமாகச் சேர்கின்றன.

இதையெல்லாம் சொல்ல விடாதீர்கள். முக்கியமாக, இரண்டையும் பெயர் மறைத்து ஊற்றி எது எது என்று கண்டுபிடிக்கலாம் என்று ஒரு குறும்புக்காரர் யோசனை சொல்வார். அவரை மறுபடி அழைக்காதீர்கள்.

11. சட்டம் பேசுங்கள்

இரண்டாம் ரவுண்டில் பேச ஒரு வழக்கு. ஜெர்மனியின் பெர்க்லென் ஊரில் ஒரு டிஸ்டில்லரி தன் சரக்குக்கு ‘க்ளென் புக்கன்பாக்’ என்று பெயர் வைத்தது. க்ளென் என்றால் ஜனங்கள் ஸ்காட்லாந்து என்று ஏமாறுவார்கள் என்று ஸ்காட்ச் விஸ்கி சங்கம் ஹாம்பர்க் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கிருந்து லக்ஸம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு; 2018-இல் அது விளக்கம் சொல்லி அனுப்ப, 2019-இல் ஹாம்பர்க் நீதிமன்றம் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இவ்வளவையும் நீட்டி முழக்கினால் இருபது நிமிஷம். அதற்குள் ஐஸ் கரைந்து டம்ளரில் இருப்பது ஏறக்குறைய வெறும் தண்ணீர். அப்போது ஒரு மிடறு குடித்து, “ஃபினிஷ் எவ்வளவு நீளம் பாத்தீங்களா” என்று கேளுங்கள்.

12. மதிப்பெண்

நூற்றுக்கு 91. எந்தப் பாட்டிலுக்கும் 91. தொண்ணூறுக்குக் கீழே போனால் வாங்கியவர் வருத்தப்படுவார். 95 என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

பழங்களில் சாராயம் வடிக்கும் குடும்பங்கள் ஜெர்மனியில் ஏராளம். அவர்களில் பலர் அதே வாலையில் விஸ்கிக்கு மாறினார்கள், அதனால் அங்கத்திய மால்ட் பலவற்றில் பேரி, செர்ரி போன்ற பழ மணம் லேசாகத் தலைகாட்டும். ஸ்காட்ச்சிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. உங்களுக்கு அது தட்டுப்படவில்லை என்றால் இதுவரை எல்லாம் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று பொருள்.

13. காலி பாட்டில்

தூக்கிப் போடாதீர்கள். மணி பிளான்ட் வைப்பவர்கள் உண்டு, ஃப்ரிட்ஜில் தண்ணீர் வைப்பவர்களும் உண்டு. இருவருமே விவரமில்லாதவர்கள். நன்றாகக் காயவைத்து, பெவ்கோ என்ற அரசு மதுக்கடையில் கிடைக்கும் சாதாரண விஸ்கியை அதில் ஊற்றி, கார்க்கை அழுத்தி மூடி, பழைய இடத்திலேயே வையுங்கள். அடுத்த விருந்துக்கும் அதே ஜன்னலைச் சாத்தி, அதே ஊதுபத்தி, அதே ஐஸ், அதே காந்தாரி. அதே 91 கிடைக்கும். இக்கா வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டால் சரி.

ஒன்றே ஒன்று: மாதத்தின் முதல் தேதி கேரளத்தில் மதுக்கடை கிடையாது. ஊற்ற வேண்டியதை முந்தின நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.